ஏன் சார் வேலையை விட்டார்?

போன நவம்பரில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நூலக வார விழா நடந்தது. வாசகர் வட்டத்தில் கையெழுத்து கொஞ்சம் பார்க்கும்படி இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், சார்ட் எழுதும் வேலை வருஷா வருஷம் என் தலையில் விழும். இந்த முறை தலைப்பு ‘நூலகத்தில் வேலை பார்த்த பெரியவர்கள்’. ஆளுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு முப்பது சொல். அதற்கு மேல் போனால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள் என்பது நூலகர் மேடத்தின் கணக்கு. பதினான்கு அட்டை எழுதினேன். ஒன்பதாவது இது: “ரிச்சர்ட் தியடோர் கிரீனர் (1844–1922). அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். தென் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், லத்தீன், கிரேக்கம் கற்பித்தார், நூலகராகவும் இருந்தார். பின்னாளில் ரஷ்யாவின் விளாடிவஸ்தோக் துறைமுக நகரில் அமெரிக்கத் தூதரானார்.” சிவப்பு ஸ்கெட்சில் அடிக்கோடெல்லாம் போட்டிருந்தேன்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பையை முதுகிலிருந்து இறக்காமல் ஒவ்வோர் அட்டையாக வாசித்துக்கொண்டே வந்தான். ஒன்பதாவதில் நின்றான். “புரொபசர் வேலை நல்ல வேலைதானே சார், ஏன் விட்டார்?” என்று கேட்டான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இது அதைவிடப் பெரிய வேலைப்பா” என்றேன். சரி சார் என்று நம்பிக்கொண்டு போய், வாசலில் கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நான் சொன்னது பொய். தெரியாமல் சொன்னதும் இல்லை. அட்டை எழுதுவதற்கு முன் கிரீனரைப் பற்றி ஒரு வாரம் படித்திருந்தேன். முப்பது சொல்லுக்குள் அடங்கவில்லை என்று நான் வெட்டி எறிந்த வாக்கியத்தில்தான் அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் இருந்தது. ‘பேராசிரியராக இருந்து தூதரானார்’ என்று எழுதும்போது அந்த ‘ஆனார்’ ஒரு படிக்கட்டு மாதிரி ஆகிவிடுகிறது, ஏறிப் போனார் என்பதுபோல. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராததற்கு அந்தச் சொல்தான் காரணம். இல்லை, சுண்டலும் கொஞ்சம் காரணம்.

ஏறி வந்த வரைக்கும்

முன்கதையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிறந்தது பிலடெல்பியா, வளர்ந்தது பாஸ்டன் பக்கம். அப்பா கப்பல்காரர், கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று எல்லோரும் ஓடிய காலத்தில் அவரும் போனார், திரும்பவில்லை. பையன் சின்ன வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, கிடைத்த வேலைக்கெல்லாம் போய் அம்மாவைக் காப்பாற்றினான். வேலை கொடுத்த முதலாளிகளில் ஒரு சிலர் பையனின் வாசிப்பைப் பார்த்து, படிக்க வைக்க முன்வந்தார்கள். ஓபர்லின், ஆண்டோவர் என்று இரண்டு இடங்களில் ஆயத்தப் படிப்பு. 1865-இல் ஹார்வர்டு. அஸ்திவாரம் போதாது என்று முதல் வருஷத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. அப்புறம் அதே கல்லூரியின் போடின் பரிசை வாங்கினார். அயர்லாந்தின் குத்தகை நிலங்களைப் பற்றிய கட்டுரைக்கு என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பாஸ்டனில் வளர்ந்த ஒரு கறுப்பின இளைஞர், கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவன் நிலத்தில் உழுகிறவனைப் பற்றி உட்கார்ந்து எழுதியிருக்கிறார். 1870-இல் பட்டம். அந்தக் காலத்து ஹார்வர்டு பட்டச் சான்றிதழ் முழுக்க லத்தீனில் இருக்கும். இந்தக் காகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அதற்குப் பிறகு பிலடெல்பியாவிலும் வாஷிங்டனிலும் பள்ளித் தலைமை; அடிமையாகப் பிறந்து கறுப்பின மக்களின் பெருந்தலைவரான பிரெடெரிக் டக்ளஸின் பத்திரிகையில் கொஞ்ச நாள் எழுத்து. 1873-இல் தென் கரோலினாவின் தலைநகரமான கொலம்பியாவிலிருந்து அழைப்பு வந்தது.

27,000 புத்தகம்

தென் கரோலினா என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கதை உதவும். அடிமை முறைக்குத் தத்துவப் பாதுகாப்பு கட்டிய ஜான் கால்ஹூன் அந்த மாநிலத்துக்காரர். கிரேக்க இலக்கணம் தெரிந்த ஒரு கறுப்பினத்தவனைக் காட்டுங்கள், அப்போது அவனும் மனிதன்தான் என்று ஒத்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி அவர் சொன்னதாக, நியூயார்க்கில் ஓர் அலுவலகத்தில் வழக்கறிஞர்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எடுபிடிப் பையன் அலெக்ஸாண்டர் கிரம்மெல். அவர் பாதிரியாராகி, கேம்பிரிட்ஜுக்கே போய்ப் படித்து, வயதான காலத்தில் இந்தக் கதையை எழுதிவைத்தார். அந்தக் கால்ஹூனின் மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான் 1873 இலையுதிர்காலத்தில் கிரீனர் போய் உட்கார்ந்தார். அவருடைய பதவியின் பெயர் மனம், ஒழுக்கம் பற்றிய தத்துவத்துக்கான பேராசிரியர். ஆனால் ஆள் பற்றாத கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் அவர் தலையில் விழுந்தன, சட்டப் பாடமும் சேர்ந்து. 1875-இல் அமெரிக்க பிலாலஜிக்கல் அசோசியேஷன் என்ற மொழியறிஞர் சங்கத்தில் உறுப்பினரானார்.

அந்தக் கல்லூரி ஏன் ஆள் பற்றாமல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1873 அக்டோபரில் ஹென்றி ஹெய்ன் என்ற கறுப்பினத்தவர் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அவர் சாதாரண மாணவர் இல்லை, மாநில அரசின் செயலராகவே இருந்தவர். அவர் சேர்ந்ததும் வெள்ளைப் பேராசிரியர்கள் சிலர் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள், வெள்ளை மாணவர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டினார்கள். காலியான வகுப்பறைகளுக்கு வேறு பிள்ளைகள் வந்தார்கள். கட்டணம் ரத்து. தேர்வு வைத்து 124 பேருக்கு உதவித்தொகை. பத்து வருஷம் முன்னால் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றமாக இருந்த ஊரில், அடிமைகளாகப் பிறந்த பிள்ளைகள் லத்தீன் வினைச்சொல்லை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு தெற்கு மாநிலங்களைத் திரும்பக் கட்டிய அந்தச் சொற்ப வருஷங்களில், தெற்கே இப்படி எல்லோரையும் சேர்த்துப் படிக்கவைத்த மாநிலப் பல்கலைக்கழகம் இது ஒன்றுதான்.

1875 மே மாதம் நூலகப் பொறுப்பும் கிரீனரிடம் வந்தது. 1840-இல் கட்டிய தனிக் கட்டடம். முன்புறம் வெள்ளைத் தூண்கள். இப்போதும் நிற்கிறது. உள்ளே ஏறத்தாழ 27,000 புத்தகங்கள், போர்க்காலக் குளறுபடியில் கலைந்து கிடந்தன. கோடை முழுவதும் அவர் அவற்றைப் பிரித்து, அடுக்கி, அட்டவணை போட்டார். எங்கள் கிளை நூலகத்தில் இருப்பு சரிபார்க்கும்போது நான் இரண்டு முறை கூட இருந்திருக்கிறேன். நாலாயிரம் புத்தகத்துக்கே மூக்கு அடைத்து, விரல் நுனி கறுத்து, ‘ம’ வரிசையில் ஒரு ‘ப’ எங்கிருந்து வந்தது என்று மண்டை காயும். தென் கரோலினாவின் ஜூலை வெயிலில் 27,000! அந்த அலமாரிகளில் இருந்த பழைய புத்தகங்களில் பலவும், அவரைப் போன்றவர்கள் தொடவே கூடாது என்று சட்டம் போட்டவர்களின் பணத்தில் வாங்கப்பட்டவை. எந்தப் புத்தகம் எங்கே என்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்த ஆளாக அக்டோபரில் அவர் ஆகியிருப்பார். நான் அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் விளாடிவஸ்தோக் வருவதில்லை, இந்தக் கோடைதான் வருகிறது. மனைவி ஜெனிவீவோடு கல்யாணம் ஆகி ஒரு வருஷம். கையில் கல்லூரி நூலகத்தின் சாவி. வயது முப்பத்தொன்று.

வெட்டிய வாக்கியம்

1876-இல் அதே பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டமும் வாங்கினார். அந்த வருஷம்தான் தேர்தல். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு குதிரையில் ஊர் ஊராகப் போன கும்பல்கள், கறுப்பின வாக்காளர்களைப் பயமுறுத்தின, கொலைகளும் நடந்தன. கிரீனர், அன்றைக்குக் கறுப்பின வாக்காளர்கள் ஆதரித்த குடியரசுக் கட்சிக்காக மாநிலத்தின் உள்ளூர்களுக்குள் போய்ப் பேசியவர். முடிவு இழுபறி. இரண்டு ஆளுநர்கள், இரண்டு சட்டமன்றங்கள் என்று மாதக்கணக்கில் கூத்து. கடைசியில் வாஷிங்டனில் பேரம் படிந்தது. 1877 ஏப்ரலில் கொலம்பியா அரசு மாளிகையைக் காத்துக்கொண்டிருந்த மத்தியப் படை விலகிப் போயிற்று. சிவப்புச் சட்டைக்காரர்கள் ஆதரித்த வேட் ஹாம்ப்டன் ஆளுநரானார். ஜூன் மாதம் சட்டமன்றம் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டது.

கிரீனரை வேலையை விட்டு நீக்கியதாகக்கூட ஓர் உத்தரவு தேவைப்படவில்லை. அவரை மட்டும் நீக்கினால் அவர் ஒருவருக்குத்தான் வேலை போகும். கதவைச் சாத்தினால் மாணவர்களும் சேர்ந்து போவார்கள். பாதிப் படிப்பில் இருந்தவர்கள் பாதியிலேயே நின்றார்கள். 1880-இல் மறுபடி திறந்தபோது அது வெள்ளையர்களுக்கு மட்டுமான விவசாயக் கல்லூரி. அடுத்தபடியாகக் கறுப்பின மாணவர்கள் மூவர் அங்கே கால் வைத்தது 1963 செப்டம்பரில், எண்பத்தாறு வருஷம் கழித்து. அடுக்கிவைத்த புத்தகங்கள் அடுக்கியபடியே இருந்தன, அவர் போட்ட வரிசையில் வேறு யாரோ எடுத்துப் படித்தார்கள்.

இதைத்தான் நான் வெட்டினேன். ‘1877-இல் பல்கலைக்கழகம் மூடப்பட்டது’ என்பதற்கு மூன்றே சொல். ஹார்வர்டையும் ரஷ்யாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அது மங்கலாக, யாருக்கும் ஆர்வம் வராத நிர்வாகச் செய்தியாகத் தெரிந்தது. ‘முதல்’ என்று வருகிற வாக்கியங்களுக்கு அட்டையில் எப்போதும் இடம் கிடைத்துவிடுகிறது. பையன் கேட்டது சரியான கேள்வி. அவர் விடவில்லை. அவருக்கு முப்பத்துமூன்று வயதில் பேராசிரியர் வேலை முடித்துவைக்கப்பட்டது. அதற்குப் பிறகு வாழ்ந்த நாற்பத்தைந்து வருஷத்தில் கிரேக்கம் கற்பிக்கும் நாற்காலி ஒன்றில் அவர் மறுபடி உட்காரவேயில்லை.

நடுவில் இருபத்தொரு வருஷம்

1877-க்கும் 1898-க்கும் நடுவில் என்ன செய்தார் என்று பார்த்தால், கிடைத்ததையெல்லாம் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வாஷிங்டனில் கருவூலத் துறையில் குமாஸ்தா. ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டப் பிரிவின் தலைவராகக் கொஞ்ச நாள். 1879-இல் தெற்கின் கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாகக் கன்சாஸ் பக்கம் கிளம்பியபோது, அங்கேயே இருந்து போராட வேண்டும் என்றார் டக்ளஸ். போகட்டும், போவதுதான் சரி என்றார் கிரீனர். சரடோகாவில் நடந்த மாநாட்டில் இரண்டு கட்டுரைகளும் ஒன்றுக்கு எதிராக ஒன்று வைக்கப்பட்டன. டக்ளஸ் பெரியவர், அந்தக் காலத்தின் சிங்கம். இருந்தாலும் இந்த விஷயத்தில் என் ஓட்டு கிரீனருக்கு. தெற்கில் கறுப்பினத்தவர் கட்டிய ஒன்றைச் சட்டமன்றம் ஒரே நாளில் எப்படி இழுத்து மூடும் என்பதை இரண்டு வருஷம் முன்புதான் நேரில் பார்த்தவர் அவர்.

அவருடைய மாணவர் ஜான்சன் விட்டேக்கர், அவர் சிபாரிசில் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்குப் போனவர். 1880 ஏப்ரலில் ஒரு காலை விட்டேக்கர் தன் அறையில் கட்டிலோடு கைகால் கட்டப்பட்டு, காது கிழிந்து, ரத்தத்தோடு கிடந்தார். நீயே இப்படிச் செய்துகொண்டு நாடகம் ஆடுகிறாய் என்றது கல்லூரி. ராணுவ நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் கிரீனர். இன்னொருவர் தென் கரோலினாவில் ஹாம்ப்டனிடம் ஆளுநர் பதவியைப் பறிகொடுத்த டேனியல் சேம்பர்லின். கதவு சாத்தப்பட்ட ஒரு கல்லூரியின் மிச்சம்மீதி ஆட்கள் நியூயார்க் நீதிமன்றத்தில் ஒன்றுசேர்ந்த மாதிரி இருக்கிறது. குற்றவாளி என்ற தீர்ப்பை 1882-இல் ஜனாதிபதி ஆர்தர் ரத்து செய்தார்; ஆனால் பழைய தேர்வு ஒன்றில் தேறவில்லை என்று காட்டி ராணுவம் விட்டேக்கரை வெளியே அனுப்பிவிட்டது. அவர் செத்துப் பல காலம் கழித்து, 1995-இல், அதிகாரிப் பதவியைக் கொடுத்தார்கள்.

பிறகு நியூயார்க். ஜனாதிபதி கிராண்ட்டின் சமாதியைக் கட்ட நிதி திரட்டிய சங்கத்துக்குச் செயலர், நகராட்சித் தேர்வு வாரியத்தில் தலைமைத் தேர்வாளர். 1894-இல் ‘வெள்ளையர் பிரச்சினை’ என்று ஒரு கட்டுரை எழுதினார். எல்லோரும் கறுப்பினத்தவர் பிரச்சினை, கறுப்பினத்தவர் பிரச்சினை என்கிறார்களே, பிரச்சினை யாரிடம் இருக்கிறது என்று திருப்பிப் போட்ட தலைப்பு. 1896 ஜனாதிபதி தேர்தலில் சிகாகோவில் உட்கார்ந்து, குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கின்லிக்காகக் கறுப்பின வாக்குகளைத் திரட்டும் வேலை. மெக்கின்லி ஜெயித்தார். அதற்குக் கூலியாகத்தான் அந்த அயல்நாட்டு உத்தியோகம்.

பம்பாய் இல்லை, விளாடிவஸ்தோக்

முதலில் கொடுத்த ஊர் எது தெரியுமா? பம்பாய். 1896-லிருந்து பம்பாயில் பிளேக் நோய் ஆட்களை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கிரீனர் அந்த ஊருக்கு வரவில்லை. மாற்றிக் கொடுத்தது ரஷ்யாவின் கிழக்கு முனைத் துறைமுகமான விளாடிவஸ்தோக். ஹைட்டி, லைபீரியா என்று கறுப்பினத்தவர் நாடுகளுக்கே கறுப்பின அதிகாரிகளை அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்க அரசுக்கு இது வழக்கத்தை மீறிய ஒன்று. இன்னொன்று: நான் அட்டையில் ‘தூதர்’ என்று பெரிதாக எழுதினேனே, அவர் தூதரே இல்லை. பட்டியலில் துணைத் தூதர், அதாவது கான்சல். அந்த ஊரில் துணைத் தூதர்களை ரஷ்யா ஏற்றுக்கொள்ளாததால், போய்ச் சேர்ந்தபோது வெறும் வணிக முகவர். என்ன கப்பல் வந்தது, என்ன சாமான் இறங்கியது, எது விலைபோகும் என்று வாஷிங்டனுக்கு எழுதிப்போடும் வேலை.

ஆனால் மனிதர் அதை நன்றாகவே செய்தார். சீனாவில் அயல்நாட்டவரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கலகமும் பஞ்சமும் வந்தபோது செய்த உதவிக்காகச் சீன அரசு 1902-இல் இரட்டை டிராகன் விருது கொடுத்தது. 1904-இல் ரஷ்யாவும் ஜப்பானும் மோதிக்கொண்டபோது, அந்த ஊரில் சிக்கிய ஜப்பானியர்களின் காரியங்களைக் கவனித்தவரும் அவர்தான். மிஷி கவாஷிமா என்ற ஜப்பானியப் பெண்ணோடு அங்கே குடும்பமாக வாழ்ந்தார், மூன்று குழந்தைகள். 1905-இல் நடத்தை சரியில்லை என்று புகார் எழுந்து பதவி போயிற்று. வேறு ஆளோடு தன்னைக் குழப்பிக்கொண்டார்கள் என்றார். 1906-இல் ஊர் திரும்பி, பெயரைத் துடைத்துக்கொள்ள அலைந்தார். யாரும் காது கொடுக்கவில்லை. சிகாகோவின் ஹைட் பார்க் பக்கம் உறவினர் வீட்டில் தங்கி, காப்பீட்டு முகவராக இருந்து, 1922 மே 2-இல் இறந்தார்.

பரணில் கிடந்த பெட்டி

2009-இல் சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியில் ஒரு பாழடைந்த வீட்டை இடிக்கப் போன தொழிலாளி, பரணில் ஒரு டிரங்குப் பெட்டியைப் பார்த்தார். உள்ளே பழைய காகிதங்கள். தூக்கிப் போடு என்று சொன்னவர்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் விசாரித்தார். தண்ணீர் பட்டு நைந்த லத்தீன் சான்றிதழ் ஒன்று, ஹார்வர்டு, 1870. தென் கரோலினாவின் சட்டப் பட்டமும் அதே பெட்டியில். கிரீனர் அந்த வீட்டில் குடியிருந்ததாகக்கூடத் தெரியவில்லை.

பெட்டியை ஏன் யாரும் தேடி வரவில்லை? ஜெனிவீவும் பிள்ளைகளும் 1890-களின் கடைசியில் அவரிடமிருந்து பிரிந்து, ‘கிரீனர்’ என்ற பெயரின் கடைசி எழுத்தைக் கழற்றிவிட்டு ‘கிரீன்’ ஆனார்கள். வெளுத்த நிறம், நடுவில் ‘ட கோஸ்டா’ என்று சேர்த்துக்கொண்டு, போர்ச்சுகீசியப் பாட்டி என்று ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளையர்களாகவே வாழ்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் பெல் ட கோஸ்டா கிரீன். நியூயார்க்கின் பெரும் வங்கி முதலாளி ஜே. பி. மார்கனின் சொந்த நூலகத்தைக் கட்டி எழுப்பியவர். 1911 ஏலத்தில், இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரரான காக்ஸ்டன் அச்சிட்ட ஒரே ஒரு புத்தகத்துக்கு 42,800 டாலர் கொடுத்து வாங்கி நியூயார்க்கையே வாய்பிளக்க வைத்தவர். 1924-இல் அந்த நூலகத்தின் முதல் இயக்குநர். அப்பா கொலம்பியாவில் ஒரு கோடை செய்ததை மகள் நாற்பது வருஷத்துக்கு மேல் செய்தார். ஹார்வர்டின் முதல் கறுப்பினப் பட்டதாரியின் மகள் என்று தெரிந்தால் அந்த நூலக வாசலைக்கூட அவர் மிதித்திருக்க முடியாது. சாவதற்கு முன் தன் கடிதங்களையும் குறிப்புகளையும் எரித்துவிட்டார். அப்பா யார் என்று ஊருக்குத் தெரிந்தது 1999-இல், மார்கனின் வாழ்க்கையை எழுதியவர் தோண்டிப் பார்த்தபோதுதான்.

பெல்லைக் கோழை என்று திட்டி எழுதியிருப்பதைச் சில இடங்களில் பார்த்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திறமையை நம்பி, பட்டத்தை நம்பி, சட்டத்தை நம்பி நேர்வழியில் போன அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கூடவே இருந்து பார்த்த பெண் அவர். அந்தச் சான்றிதழ் வீட்டில் மாட்டிவைக்க முடியாத காகிதம் ஆகிவிட்டது. ஆனாலும் எரித்தார் என்று படிக்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

சட்டப் பட்டம் 2013-இல் கொலம்பியாவுக்கே திரும்பிப் போனது. 2018-இல் பல்கலைக்கழகம் அவருக்கு ஒன்பதடி வெண்கலச் சிலை வைத்தது. வைத்த இடம் நூலகத்தின் முன்னால்.

பெல்லும் என் பதினான்கு பேரில் இருந்தார், பன்னிரண்டாவது அட்டை. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இரண்டு பேரை ஒட்டிவைத்திருந்தேன். இரண்டிலுமே மற்றவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

விழா முடிந்த மறுவாரம் ஒன்பதாவது அட்டையைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன். ‘1877-இல் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள்’ என்பதை எங்கே செருகினாலும் முப்பதைத் தாண்டியது. மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, “ஹார்வர்டை எடுத்துடாதீங்க சார், அதுக்குத்தான் நிக்கிறாங்க” என்றார். கடைசியில் ரஷ்யாவையும் தூதரையும் அடித்தேன். ‘பெல் ட கோஸ்டா கிரீனின் தந்தை’ என்பதற்கும் இடம் கிடைத்தது. இருபத்தொன்பது சொல்.

அட்டை இப்போது வார இதழ்கள் வைக்கும் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான் என்று மேடம் சொன்னதால் இரண்டு ஞாயிறு போய் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட் டோர்னமென்ட் நடந்துகொண்டிருந்தது.